நிறத்துக்குத் தாய் பொறுப்பல்ல

வளைகாப்புக்குப் போகிறவர்கள் கையில் இப்போது கண்ணாடி வளையலோடு குங்குமப்பூ டப்பாவும் இருக்கிறது. ஐந்தாம் மாதம் பிறந்ததும் இரவுப் பாலில் இரண்டு இழை போட்டுக் குடித்தால் பிள்ளை செக்கச்செவேலென்று பிறக்கும் என்கிறார் மாமியார். அம்மாவும் சொல்கிறார், எதிர்வீட்டு அக்காவும் சொல்கிறார். படித்தவர்கள், "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "குடித்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்கிறார்கள்.

நிறையவே கெடுகிறது. பாலில் மிதக்கும் அந்த இரண்டு இழை யாரையும் ஒன்றும் செய்துவிடாது. அதோடு சேர்த்துப் புகட்டப்படும் எண்ணம்தான் கெடுக்கிறது. பிள்ளையின் நிறம் தாய் எதை விழுங்குகிறாள் என்பதைப் பொறுத்தது என்ற எண்ணம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால், கர்ப்பிணியின் உடம்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கண்ணாலேயே பார்க்கப்படுகிறது. கவனிக்க வேண்டியவை கவனத்திலிருந்து நழுவிப்போகின்றன.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது எவ்வளவு சுரக்க வேண்டும், எந்த வகையில் சுரக்க வேண்டும் என்பதைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்று எஸ்.எல்.சி.24ஏ5. வெளிறிய ஜீப்ரா மீன்களை ஆராய்ந்தபோது சிக்கிய மரபணு இது. மனிதரின் நிறத்திலும் அதற்குப் பங்குண்டு என்று 2005-ல் தெரிந்தது. இந்தியர்களின் நிற வேறுபாட்டில் அதன் பங்கு என்ன என்று ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து 2013-ல் எழுதினார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும் வெவ்வேறு நிறமாக இருப்பதற்கு இந்த மரபணுக்கள் கலந்து வரும் விதமே காரணம். அந்தக் கலப்பு கரு உருவாகும்போதே முடிந்துவிடுகிறது. ஐந்தாம் மாதம் பால் காய்ச்சும்போது தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகப் பொய்க்காமல் நிற்கிறது? பிறந்த குழந்தை பெரும்பாலும் அதன் சொந்த நிறத்தில் இருப்பதில்லை. மெலனின் முழுதாகச் சுரக்க வாரங்களும் மாதங்களும் ஆகும். மெல்லிய தோலுக்கடியில் ஓடும் ரத்தம் அதுவரை பிள்ளையைச் சிவப்பாகக் காட்டும். முதல் நாள் பார்க்க வருகிறவர்கள் "குங்குமப்பூ வேலை செஞ்சிருக்கு" என்கிறார்கள். மூன்றாம் மாதம் குழந்தை தன் நிறத்துக்கு வந்ததும், வெயிலில் போட்டதையோ குளிப்பாட்டிய எண்ணெயையோ காரணம் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் குங்குமப்பூ தோற்பதே இல்லை. ஏறத்தாழ 150 பூக்களின் சூல்முடிகளைக் கிள்ளி உலர்த்தினால்தான் ஒரு கிராம் கிடைக்கும். அந்த விலையைக் கொடுத்தவர்களுக்கும் அது தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. அந்த விலைக்காகவே சாயம் ஏற்றிய சோளநாரும் குசும்பாப் பூவும் கலந்து விற்கப்படுகின்றன. என்ன சாயம் என்று தெரியாத ஒன்றைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதை "கெடுதல் இல்லை" என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிள்ளையின் நிறத்துக்கு இவ்வளவு பாடுபடும் வீடு, தாயின் தோலில் நடப்பதை எப்படிப் பார்க்கிறது? கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான், மெலனினைத் தூண்டும் ஹார்மோன் எல்லாம் கூடுவதால் பெரும்பாலான பெண்களின் தோல் ஏதாவதோர் இடத்தில் கறுக்கிறது. மார்புக்காம்பைச் சுற்றிக் கறுக்கும். அக்குள், கழுத்து, தொடையிடுக்கு கறுக்கும். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழும். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் மங்கு படரும். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் இவை இன்னும் அழுத்தமாகத் தெரியும். உடம்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளங்கள் இவை. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். முகத்து மங்கு மட்டும் சிலருக்கு நாள்பட நிற்கும்.

ஆனால் வீட்டில் அவளுக்குக் கிடைப்பது இந்த விளக்கமல்ல. முகம் கறுத்தால் பையன், பொலிந்தால் பொண்ணு என்று ஒருவர் ஜோசியம் சொல்கிறார். குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் முடிவாவது. தாயின் கன்னத்தில் அதை எழுதிவைக்க வழியே இல்லை. இன்னொருவர், "என்னம்மா இப்படிக் கறுத்துட்டே?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். அடுத்த நாள் அந்தப் பெண் மருந்துக்கடையில் நிற்கிறாள்.

அங்கே அவள் கையில் திணிக்கப்படுவதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது. மங்குக்கென்று விற்கும் கூட்டுக் கிரீம்களில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். ஹைட்ரோகுவினோன் தோல் வழியே கணிசமாக உடலுக்குள் போகும்; டிரெட்டினாயினைக் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்; வீரியமான ஸ்டீராய்டை அதிகம் பூசினால் குழந்தையின் எடை குறையக்கூடும். ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதி வந்துவிட்டது. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசமும் உண்டு. 2021-க்கும் 2023-க்கும் இடையில் கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களில் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். சிவப்பான பிள்ளை வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, பிள்ளையின் மூளை நரம்பைத் தொடும் நஞ்சில் போய் முடியலாம். மங்கு படர்ந்தால் குடை பிடிக்கலாம், துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசலாம். மற்றதெல்லாம் மருத்துவரைக் கேட்டுத்தான்.

நிறத்தின் பெயரால் சாப்பாட்டிலும் கை வைக்கிறார்கள். கறுப்புத் திராட்சை கூடாது, நாவல்பழம் கூடாது. அதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். "இரும்புச்சத்து மாத்திரை போட்டா பிள்ளை கறுத்துப் பொறக்கும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதுதான் அது. அதைப் பார்த்துப் பயம் உறுதிப்பட்டு, மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாளுக்கு ஒன்றாகக் கர்ப்பத்தில் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் அரசே கொடுக்கிறது. ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் தாங்க உடம்பில் பலம் இருக்காது. அந்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டுக் குங்குமப்பூவுக்குக் காசு தேடுகிறோம். மாத்திரை போடுகிறவர்களும் பல வீடுகளில் குங்குமப்பூப் பாலோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். பாலிலுள்ள கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

தோல் சொல்லும் செய்திகளில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. அதற்கு நிறமே இல்லை. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. கடைசி மூன்று மாதங்களில் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். இரவில் தூங்கவிடாது. தடிப்போ சிவப்போ இருக்காது, சொறிந்த தடம் மட்டும் இருக்கும். கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலங்கள் ரத்தத்தில் சேர்வதால் வருவது இது. பிரிட்டனில் பொதுவாக 1,000 கர்ப்பிணிகளில் 7 பேருக்கு வரும் இந்த நோய், அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்கு வருகிறது. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் அபாயம் கூடுகிறது என்று 2019-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தெரிந்தால் பிரசவத்தை முன்கூட்டித் திட்டமிடலாம்.

நம் வீடுகளில் அரிப்புக்குச் சொல்லும் பதில் என்ன? "பிள்ளைக்கு முடி வளருது, அதான் அரிக்குது. சொறியாதே, கோடு விழும்." வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு சாதாரணமானதுதான், தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறும். ஆனால் கை, கால் அரிப்பையும் அதே பதிலால் மூடிவிடுகிறோம். கர்ப்பிணியின் தோலை இத்தனை பேர் உற்றுப் பார்க்கும் வீட்டில் அவளுக்கு எங்கே அரிக்கிறது என்று கேட்க ஒருவர்கூட இல்லாதது கொடுமை.

இதைச் சொன்னால், "பாட்டி காலத்து மரபைக் குறை சொல்லாதீர்கள்" என்கிறார்கள். வளைகாப்பு வேண்டும், கர்ப்பிணியைச் சுற்றி மனிதர்கள் கூட வேண்டும், அவள் வாய்க்கு ருசியாக ஏழு வகைச் சாதம் வேண்டும். இவற்றை நான் மனதார விரும்புகிறேன். அவள் மடியில் நிறத்தை ஒரு பரீட்சையாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிட்டால், "ஒழுங்கா குங்குமப்பூ சாப்பிட்டியா?" என்று தையல் ஆறாத பெண்ணிடம் கேட்கிறார்கள். பாதி மரபணுவைக் கொடுத்த தகப்பனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, தொட்டிலில் கிடக்கும் குழந்தை குறையோடு பிறந்தது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். பெண் குழந்தையாக இருந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்தத் தீர்ப்பு அவளை விடாது.

அடுத்த வளைகாப்புக்குப் போகிறவர்கள் பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் வாங்கிப் போங்கள். அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: மாத்திரையைத் தினமும் போடுகிறாயா, முகத்துக்கு என்ன கிரீம் பூசுகிறாய், ராத்திரியில் கையோ காலோ அரிக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், விருந்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் வேண்டும் என்று அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.