ஏழு நாளைக்கு முதலாளி

நரிக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு டைம்ஷேர் என்றால் புரியாது என்று நினைக்கிறவர்கள், அங்கே ஒரு பம்புசெட் கிணற்றடியில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். நாலு பங்காளிகளுக்கு ஒரு கிணறு. இன்றைக்கு மூத்தவர் முறை, நாளைக்கு இளையவர் முறை. முறை வந்த அன்றைக்கு கரண்ட் போனால் அது அவரவர் தலையெழுத்து. தூர் வாரணும், மோட்டாரில் காயில் கருகிப்போச்சு என்றால் நாலு பேரும் பாகத்துக்குத் தக்கபடி காசு போட வேண்டும். நிலத்தை விற்கும்போது 'கிணறு, மோட்டார், சர்வீஸ் வகையறாவில் 4ல் 1 பாகம்' என்று பத்திரத்தில் எழுதித்தான் விற்கிறார்கள். கண்மாய்த் தண்ணீருக்கும் முறை உண்டு, அதைப் பிரித்துவிட நீர்ப்பாய்ச்சி உண்டு. ஒரே பொருளைப் பல பேர் நாள் கணக்கில் பிரித்து அனுபவிப்பதை இந்த மானாவாரிச் சீமைக்கு எந்த எம்.பி.ஏ.வும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால்தான் கொடைக்கானலிலோ மூணாறிலோ வருஷத்துக்கு ஏழு ராத்திரி 'சொந்தம்' என்று விற்கிற சரக்கைப் பற்றிப் பேசும்போது இந்தக் கிணற்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிணற்றுப் பாகம் வைத்திருப்பவருக்கு மண் சொந்தம். ஏழு ராத்திரி வாங்கியவருக்குப் பெரும்பாலும் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அவர் வாங்கியது தங்கும் உரிமை. அதுவும் வருஷாவருஷம் கட்டணம் கட்டினால், காலி அறை இருந்தால், வாங்கிய சீசனுக்குள் கேட்டால்.

இந்த வியாபாரம் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963ல் வந்தது. எழுபதுகளில் அமெரிக்காவுக்குப் போனது. ஒரு ஊரில் வாங்கிய வாரத்தை இன்னொரு ஊரில் மாற்றிக்கொள்ள ஆர்.சி.ஐ. என்ற கம்பெனி 1974ல் முளைத்தது. இந்தியாவுக்குக் கொண்டு வந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1986ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ், கொடைக்கானலில் இருந்து ஆரம்பித்தது. பத்து வருஷம் கழித்து, 1996ல், மகிந்திரா ஹாலிடேஸ் வந்தது. கிளப் மகிந்திரா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஸ்டெர்லிங் ஆரம்பத்தில் விற்றது 99 வருஷ உரிமை. கிளப் மகிந்திராவின் பிரதான திட்டம் 25 வருஷம். பிறகு ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று 10 வருஷத் திட்டமும் வந்தது. 99 எப்படி 25 ஆகி 10 ஆனது என்று யோசித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஸ்டெர்லிங் தொண்ணூறுகளின் கடைசியில் தள்ளாடி, கடைசியில் 2014ல் தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. 99 வருஷத்துக்கு வாங்கியவர்களின் உரிமை முப்பது வருஷம் முடியும் முன்பே கை மாறியது.

விற்கிற விதம் தனி சினிமா. மதுரை மாலில் ஒரு கூப்பன் எழுதிப் போடச் சொல்வார்கள். நாலு நாளில் போன் வரும். "சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்குங்க. மேடத்தையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்." மேடம் எதற்கு? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவ வழி இருக்கக் கூடாதே, அதற்கு. ஒட்டு மொத்தத் தொழிலின் சூட்சுமம் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு ஜூஸ், இரண்டு மணி நேரம். முதலில் ஒரு பையன் பேசுவான், பிறகு 'மேனேஜர்' வருவார், இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்பார். நாளைக்குக் கிடைக்காத விலையில் ரிசார்ட் விற்க வேண்டிய அவசரம் என்ன? கத்தரிக்காய் வாடிவிடும், சரி. கொடைக்கானல் ஏரி எங்கே வாடப்போகிறது?

அந்த மேஜையில் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அதே கணக்கை இங்கேயும் போடுவோம். 4 லட்சம் ரூபாய், 25 வருஷம், வருஷத்துக்கு 7 ராத்திரி, வருடாந்திரக் கட்டணம் வரியோடு சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், எந்தக் கம்பெனியின் விலையும் அல்ல. மொத்தம் 175 ராத்திரி. 4 லட்சத்தை 175ஆல் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 2,286 ரூபாய். "சார், இந்த ரேட்டுக்கு ரிசார்ட் எங்க கிடைக்கும்?" மேஜைக் கணக்கு இங்கே நின்றுவிடும்.

இனி வீட்டுக் கணக்கு. அதே 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பாங்கில் போட்டால் வருஷம் 28,000 வரும். வருடாந்திரக் கட்டணம் 20,000. ஆக, ஏழு ராத்திரிக்கு வருஷம் 48,000 ரூபாய், ஒரு ராத்திரிக்கு 6,857. சாப்பாடு தனி, போக வரக் கார் வாடகை தனி. இதில் இன்னொன்று. பாங்கில் போட்டவருக்கு 25 வருஷம் கழித்து 4 லட்சம் அப்படியே இருக்கும். ரிசார்ட்டில் போட்டவருக்கு ஒரு ஆல்பம் இருக்கும். தவணையில் வாங்கியிருந்தால் அந்த வட்டியையும் மேலே போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஓட்டல் வாடகையும் வருஷாவருஷம் ஏறுதே?" விற்பவர்கள் கையில் இருக்கும் ஒரே நியாயமான வாதம் இதுதான். ஏறுகிறதுதான். ஆனால் ஓட்டல் வாடகை ஏறினால் போகாமல் இருக்கலாம், விலை குறைந்த ஓட்டலுக்குப் போகலாம், மச்சினன் வீட்டில் தங்கலாம். வருடாந்திரக் கட்டணம் ஏறினால் அப்படிச் செய்ய முடியாது. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அறை பதிவு செய்ய முடியாது. வருஷம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் 20,000 இரட்டிப்பாகும், 25ஆம் வருஷம் ஏறத்தாழ 81,000 ஆகும். ரிட்டையர் ஆகிற வயதில் இது பென்ஷனில் கை வைக்கிற தொகை.

கொடுத்த பணம் எங்கே போகிறது என்பதும் ரகசியம் இல்லை. மகிந்திரா ஹாலிடேஸ் 2018 வரை பின்பற்றிய கணக்கு முறையில், உறுப்பினர் கட்டும் தொகையில் 60 சதவீதம் திரும்பத் தராத நுழைவுக் கட்டணம், அது விற்ற வருஷத்தின் வருமானமாகவே எழுதப்பட்டது. மிச்சம் 40 சதவீதம்தான் 25 வருஷத்துக்குப் பரப்பப்பட்டது. 2018 ஏப்ரலில் புதிய கணக்கியல் தரம் வந்த பிறகுதான் மொத்தத்தையும் காலம் முழுக்கப் பரப்ப வேண்டியதாயிற்று. இது தப்புக் கணக்கு அல்ல, அன்றைக்குச் சட்டப்படி சரியானதே. ஆனால் ஐந்தில் மூன்று பங்கு உள்ளே நுழைவதற்கே போய்விடுகிறது என்று அந்த மேஜையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

சரி, பணத்தை விடுங்கள். லீவு எங்கே இருக்கிறது? நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பிறந்து மதுரையிலோ சென்னையிலோ சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு வருஷத்தில் கிடைக்கும் லீவு ஏற்கெனவே பிரித்து எழுதப்பட்டுவிட்டது. பொங்கலுக்கு ஊர். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை. அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் போகாமல் முடியுமா? ஊரில் யாராவது தவறிவிட்டால் அதற்குக் கணக்கே இல்லை. மிச்சம் இருப்பது பிள்ளைகளுக்கு மே மாதப் பரீட்சை லீவு. ஊரிலேயே விவசாயம் பார்ப்பவருக்கும் அதே கதைதான். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசியில் அறுத்து, பங்குனிக்குப் பிறகுதான் கை ஓய்கிறது. எப்படிப் பார்த்தாலும் இந்தச் சீமைக்காரருக்கு மலை ஏற நேரம் கிடைப்பது கோடையில்.

கோடைதான் விலை அதிகமான சீசன். கிளப் மகிந்திராவில் சீசனுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ. மேல் நிறம் வாங்கியவர் கீழே இறங்கலாம். கீழ் நிறம் வாங்கியவருக்கு மே மாதம் எட்டாக்கனி. தவணை குறைவு என்று ப்ளூவை வாங்கிவிட்டு, ஆடி மழையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்போது, எங்கே போவது? மேல் நிறம் வாங்கியவருக்கும் தமிழ்நாடு முழுக்க அதே வாரத்தில் லீவு என்பதால் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்கிற போட்டி. பங்காளிக் கிணற்றில் முறை என்றால் அவர் முறை அவருக்குத்தான், மற்ற மூன்று பேரும் அன்றைக்கு மோட்டார் ரூம் பக்கம் வர மாட்டார்கள். இங்கே முறை என்று ஒன்று கிடையாது, முந்தியவருக்குத் தண்ணி.

அறை கிடைத்தாலும் மலை கிடைக்க வேண்டுமே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, கொடைக்கானலில் வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று உச்ச வரம்பும் வந்தது. 99 வருஷத்துக்கு 'சொந்தக்காரர்' ஆனவரும் செக்போஸ்ட்டில் டூரிஸ்ட்தான் :)

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் டிஸ்னியைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான், டைம்ஷேரில் கொஞ்சம் மரியாதையானது அதுதான். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் 1991ல் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் முதல் ரிசார்ட் திறந்தது. அங்கே பதிவு செய்த பத்திரம் உண்டு, வாரத்துக்குப் பதில் புள்ளிகள், மறுவிற்பனைக்கு உண்மையான சந்தை உண்டு. மிக்கி மவுஸைப் பார்க்கக் கூட்டம் குறையாததால் புள்ளிக்கும் மதிப்பு குறையவில்லை. ஆனாலும் அந்த முதல் ரிசார்ட்டின் பழைய பத்திரங்கள் 2042 ஜனவரி 31ல் முடிந்துவிடும். 2019ல் திறந்த ரிவியேரா ரிசார்ட்டின் புள்ளியை ஒருவர் இன்னொருவரிடமிருந்து வாங்கினால் அதை ரிவியேராவில் மட்டும்தான் செலவழிக்க முடியும். இத்தனை ஒழுங்கான கம்பெனியே கைமாறிய சரக்குக்கு இப்படி மூக்கணாங்கயிறு போடுகிறது. நியூஜெர்சியில் இருந்து ரெண்டு பிள்ளைகளோடு வருஷாவருஷம் ஆர்லாண்டோ போகிற குடும்பத்துக்குக் கணக்கு கட்டலாம். பரவை 'அதிசயம்' பூங்காவுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற குடும்பத்துக்கு அந்த உதாரணம் எதற்கு?

இங்கே மறுவிற்பனை என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பழைய பொருள் விற்கிற எந்தத் தளத்திலும் தேடிப் பார்க்கலாம், உறுப்பினர் அட்டையை விற்கிறவர்கள் வரிசையாக இருப்பார்கள், வாங்குகிறவர்கள்தான் தேட வேண்டும். கிணற்றுப் பாகத்தோடு அரை ஏக்கர் என்று சொன்னால் டீக்கடையிலேயே மூன்று தரகர்கள் எழுந்து நிற்பார்கள்.

சட்டம்? ஐரோப்பிய யூனியனில் 2008ஆம் ஆண்டு விதிப்படி வாங்கிய 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். ஃப்ளோரிடாவில் 10 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அந்த ஓட்டையில் புகுந்தவர்களும் உண்டு. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ், ஓட்டல் 'ரூம் நைட்' விற்கிறோம், தங்காவிட்டால் கடைசியில் கூடுதல் பணத்தோடு திருப்பித் தருகிறோம் என்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 7,035 கோடி ரூபாய் வசூலித்தது. இது அனுமதி இல்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி 2016 பிப்ரவரியில் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது செபி. ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப்புக்கு 2015ல் இதே கதி. ஸ்டெர்லிங்கையும் மகிந்திராவையும் இந்த வரிசையில் வைப்பது அநியாயம், அவர்களிடம் ரிசார்ட் இருக்கிறது, லட்சக்கணக்கில் ஆட்கள் தங்கிவிட்டு வருகிறார்கள். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி ஜூஸ். தேக்கு மரத்தில் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998ல் படுத்ததையும், நிலம் தருகிறோம் என்று பி.ஏ.சி.எல். 49,100 கோடி வாரியதையும் பார்த்த பிறகும், 'முதலீடு' என்ற வார்த்தையை ரிசார்ட் அறைக்குப் பக்கத்தில் வைத்து யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது.

யாருக்கு இது லாபம் என்று நேர்மையாகச் சொல்வதென்றால், கையில் உபரிப் பணம், வருஷம் தவறாமல் ஒரு வாரம் லீவு, ஒன்பது மாதம் முன்பே நாளைக் குறிக்கிற பழக்கம், எந்த ஊராக இருந்தாலும் சரி என்கிற மனசு, இத்தனையும் உள்ளவர்களுக்குச் சரிப்படும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மால் வாசலில் கூப்பன் எழுதிப் போடுகிறவர்களில் அவர்கள் எத்தனை பேர்?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம், குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், நரிக்குடிக்காரர் என்றால் விருதுநகர் மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், அதனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஒப்பந்தம், அறை இல்லை என்று வந்த மெயில்கள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். முடிந்தால் அந்த மேஜையில் கணக்குப் போட்டுக் காட்டிய வெள்ளைத் தாளையும். பெரும்பாலும் அது கிடைக்காது, எழுந்திருக்கும்போதே அதை மடித்துத் தங்கள் பைலில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.