தலைப்பாகையிலிருந்து நெற்றிக்கு

நம் இதழுக்கு வரும் உருவப்படங்களில் ஒரு வழக்கம் சில காலமாக உறுத்துகிறது. முகம் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே எடுத்ததாக இருக்கும். சேலையிலும் பின்னணியிலும் மட்டும் கோலம், பூவேலை, கட்டம். உழைப்பில் குறையே இல்லை. ஆனாலும் முகத்தை ஒருவரும் உடையை வேறொருவரும் வரைந்து ஒட்டியதுபோல் படம் நிற்கிறது.

அப்போதெல்லாம் நான் திரும்ப எடுத்துப் பார்ப்பது கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களை. 1938-இல் கீரனூரில் பிறந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டலில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தவர். ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் வரைந்த படங்களால் வார இதழ் வாசகருக்கும் தெரிந்தவரானார். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் தீட்டிய காந்தி கோட்டோவியங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது.

தொழில் தெரிந்தவர்கள் நின்று பார்க்க வேண்டியது அவர் வரைந்த மகாராஜாக்களின் படங்களை. காந்தியிடம் அலங்காரத்துக்கு இடமில்லை. அரசர்களிடமோ அது வழிகிறது. தலைப்பாகை, மாலை, மீசை, அங்கி என்று பேனா ஓயாமல் ஓடுகிறது. ஆனால் ஓடுவது ஒரே கோடு. தலைப்பாகையின் மடிப்பைச் சுற்றிய அதே கோடு கீழிறங்கி நெற்றிச் சுருக்கமாகிறது, கன்னத்தைத் தடவி மீசைக்குள் போகிறது. நகை எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆடம்பரம் கூடக்கூட உள்ளே ஆள் இல்லாதது தெரிகிறது. தனியாக ஒரு கேலிக் குறிப்பும் அவருக்குத் தேவைப்படவில்லை. (நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர், துணியின் வடிவங்கள் கைக்குப் பழகியிருக்கும். அதுதான் காரணம் என்று சொல்லிவிட எனக்குத் துணிச்சலில்லை.)

முகமும் உடையும் பிரிந்தே இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். வியன்னாவில் குஸ்தாவ் கிளிம்ட் 1907-இல் முடித்த அடேல் ப்ளாக்-பாவர் படத்தில் முகமும் கைகளும் மட்டும்தான் ஒளிநிழலோடு திரண்டிருக்கின்றன. மற்றதெல்லாம் தட்டையான பொன் தகடு, சுருள், கண் வடிவங்கள். அந்தப் பிரிவு அவர் தெரிந்தே செய்தது. தங்கத்தை ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணை நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டுப் படங்களில் வரைந்து பார்த்திருக்கிறார். நம் படங்களில் பிரிவு தானாக நேர்ந்துவிடுகிறது. முகத்தில் தப்பு வந்துவிடுமோ என்ற பயம் அங்கே கையைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பயம் தீர்ந்த இடத்தில், அதாவது சேலையில், கை விளையாடுகிறது.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு உருவப்படம், பென்சில் இல்லாமல், நேரே மையில். முதல் கோட்டை உடையில் தொடங்குங்கள். அங்கிருந்து முகத்துக்கு எப்படி வந்து சேருகிறீர்கள் என்று பார்ப்போம்.