குளிசைக்கு லீவு இல்லை



"சிறுநீரகம் மாற்றினால் பிறகு ஒரு கரைச்சலும் இல்லைத்தானே?" என்று இங்கு புதிதாக வந்த ஒரு குடும்பத்தார் எங்களிடம் கேட்டார்கள். அந்த வீட்டு அம்மாவுக்குச் சலரோகத்தால் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலமளவில், இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு இருக்கிறார்.

நாங்கள் வைத்தியர் இல்லை. மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்கள். ஆனால் எங்களோடு வேலை செய்கிற அண்ணர் ஒருவர், மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு பதினோராவது வருடத்தில் நிற்கிறார். அவரோடு பழகி அறிந்ததையும், கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

உலகில் முதன்முதல் வெற்றியாக நடந்த சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில். டொக்டர் ஜோசப் மரே செய்தார். றொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரன் றிச்சர்ட்டுக்குக் கொடுத்தார். வாங்கியவர் மேலும் எட்டு வருடம் வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை வாழ்ந்தார். கொடுக்கப் பயப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொடுத்தவரும் வருடாவருடம் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

அவர்கள் ஒத்த இரட்டையர் என்றபடியால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. வேறொருவருடைய உறுப்பு உள்ளே வந்தால், கிருமியை எதிர்க்கிற மாதிரியே எங்கள் உடம்பு அதையும் எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் சைக்குளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அது எங்கேயிருந்து வந்தது தெரியுமா? நாங்கள் வாழும் இந்த நோர்வேயிலிருந்துதான்! 1969ல் ஹார்டாங்கர்வித்தா மலைவெளியில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சணத்திலிருந்து, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சன்டோஸ் கம்பனி அதைக் கண்டெடுத்தது. 1978ல் கேம்பிரிட்ஜில் டொக்டர் றோய் கால்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் ரக்ரோலிமஸ் என்ற மருந்து கொடுக்கிறார்கள்.

அப்போ எத்தனை வருடம் தாங்கும்? உயிரோடிருப்பவர் கொடுத்தது சராசரியாக இருபது வருடமளவில். இறந்தவரிடமிருந்து எடுத்தது அதைவிடச் சில வருடம் குறைவு. முப்பது வருடம் தாண்டியவர்களும் உண்டு, சில வருடத்திலேயே இழந்தவர்களும் உண்டு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பல. அதில் எங்கள் கையில் இருப்பது குளிசை.

"இப்ப சுகம்தானே, ஏன் இன்னும் குளிசை? உடம்புக்குச் சூடு" என்று அண்ணருக்குப் புத்தி சொன்னவர்கள் எங்கள் ஆட்களிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். குளிசை எடுக்கிறபடியால்தான் சுகம். நிற்பாட்டினால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிக்கத் தொடங்கும். பெரும்பாலும் நோவும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பல வேளை இரத்தத்தில் கிரியற்றினின் ஏறினால்தான் தெரியும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

எங்களைப் போல இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறி நிற்பவர்களுக்கு நேரம்தான் பிரச்சினை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கும் குளிசை வேலை நேரத்தைப் பார்க்காது. அண்ணர் காலை எட்டு, இரவு எட்டு என்று மணி வைத்திருக்கிறார். மணி அடித்தால் கையுறையைக் கழற்றிவிட்டுப் போவார். மேலாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். ஒருநாளைக்கு ஒருமுறை எடுக்கும் வகையும் உண்டு. வைத்தியரிடம் கேட்கலாம்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். கிறேப்புறூட்டும் ஊரில் நாங்கள் உரித்துத் தின்ற பம்பளிமாசும் இந்த மருந்தை இரத்தத்தில் கூட்டிவிடும். மனச்சோர்வுக்கு விற்கும் யொஹன்னஸ்உர்ட் மூலிகை அதைக் குறைத்துவிடும். நோவுக்கு விற்கும் இபுக்ஸ் சிறுநீரகத்துக்குக் கூடாது. ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம் எதுவானாலும் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைவதால் கிருமித் தொற்றும் தோல் புற்றுநோயும் வரச் சாத்தியம் கூட. காய்ச்சலென்றால் உடனே அறிவியுங்கள், கோடை வெயிலில் தோலை மூடுங்கள்.

இன்னொன்று. நோர்வேயில் இந்த மாற்றுச் சிகிச்சை நடப்பது ஒஸ்லோ றிக்ஸ்ஹொஸ்பித்தாலில் மட்டும்தான். அங்கே போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். "அம்மாவின் சிறுநீரகம் பழுதாகிறது" என்று பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்லுவிப்பது பாவம். மருந்தின் அளவு ஒரு சொல் பிழைத்தாலும் ஆபத்து. 2022ல் வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, தகுதியான ஒருவரை ஒழுங்கு செய்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. உயிராபத்து போன்ற அவசரம் தவிரப் பிள்ளைகளைப் பயன்படுத்தவும் கூடாது. நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, சலரோகமும் பிறஷரும் உள்ள வாசகர்களே, சிறுநீரகம் பழுதாவது ஆரம்பத்தில் உங்களுக்குத் தெரியாது. அடுத்தமுறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது இரத்தத்தையும் சலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவல் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதைவிடச் சொந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது சுலபம்.