தோலும் எலும்பும் கீரையும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோலுக்கும், உங்களைத் தாங்கி நிற்கும் எலும்புக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் முதன்மையான புரதம் ‘கொலாஜன்’ என்பதே. அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்காட்டியவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!

பச்சைத் தோல் அழுகுகிறது. பதனிட்ட தோல் அழுகுவதில்லை. ஏன்? கொலாஜனில் எதிர் மின்னூட்டமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் பல உள்ளன. நேர் மின்னூட்டமுள்ள குரோமியம் அவற்றைப் பற்றி, இழைகளைப் பிணைத்துவிடுகிறது.

எலும்பில் கொலாஜன் இழைகளோடு கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிகின்றன. அங்கே ‘ஆஸ்டியோகால்சின்’ என்னும் சிறு புரதமும் உண்டு. கால்சியம் அயனியின் நேர் மின்னூட்டம் இரண்டு. ஒரு கார்பாக்சில் தொகுதியின் எதிர் மின்னூட்டமோ ஒன்றே. ஒற்றை விரலால் கூழாங்கல்லை எடுக்க முடியுமா? அந்தப் புரதத்தின் குளூட்டாமிக் அமிலத்தில் இரண்டாவது விரலாக இன்னொரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்கத் துணை நிற்பதே வைட்டமின் கே.

1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைக் கண்டார். இரத்த உறைவுக்குத் தேவையான அந்தச் சத்துக்கு 1935-ல் வைட்டமின் கே என்று பெயரிட்டார். 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசை எட்வர்டு டாய்சியுடன் பகிர்ந்துகொண்டார். ‘இரண்டு விரல்’ அமைப்பு 1974-ல் இரத்தப் புரதத்தில் முதலில் தெரியவந்தது. எலும்பில் அதன் பிறகே.

அப்படியானால் வைட்டமின் கே மாத்திரை விழுங்கினால் எலும்பு இரும்பாகிவிடுமா? விளம்பரங்கள் அப்படித்தான் பேசுகின்றன. அமெரிக்காவில் 72,000-க்கும் மேற்பட்ட செவிலியரை ஆராய்ந்து 1999-ல் வெளியான முடிவு, இச்சத்தைக் குறைவாக உண்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு அதிகம் என்றது. ஆனால் கீரை உண்பவர் வேறு நல்ல பழக்கங்களும் உடையவராக இருக்கலாமே! இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மாத்திரை கொடுத்துச் செய்த சோதனைகளோ ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்துள்ளன.

எனவே என் கருத்து இது: காசை மாத்திரைக்குக் கொடாதீர்கள், கீரைக்காரம்மாவிடம் கொடுங்கள். நாள் ஒன்றுக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். முருங்கைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எதுவும் நல்லதே. இச்சத்து கொழுப்பில் கரைவது; ஆகவே சிறிது எண்ணெயில் தாளித்து உண்ணுங்கள். எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுவதால் வெயிலில் ஓடி விளையாடுங்கள். வீட்டில் எவரேனும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்டால், அவர் கீரையின் அளவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்கட்டும்.

கீரைக்கு மண் வேண்டுமே! தோல் கெடாதிருக்க இடும் உப்பும் பதனிடும் இரசாயனங்களும் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதை அத்தீர்ப்பு எடுத்துக் கூறியது.

தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மூடச் சொல்பவன் நானல்ல. கழிவுநீரை முழுவதும் சுத்திகரிப்பதும், உப்பைப் பிரித்தெடுப்பதும் தொழிலின் செலவிலேயே அடங்கவேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தினால், அதை உழவரின் நிலமும் நம் உணவுத் தட்டும் சுமக்கின்றன. நாளை உங்களில் சிலர் வேதியியல் வல்லுநராகவும் பொறியாளராகவும் ஆவீர்கள். தோலைப் பதப்படுத்தும் அறிவு நம்மிடம் உண்டு. மண்ணைக் கெடுக்காமல் அதைச் செய்துகாட்டும் பொறுப்பு உங்களுடையது.