சொந்த வீட்டுக்கு எத்தனை மாதம்?



வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும். அது வேலைக்குக் கொடுத்த வீடு, நமக்குக் கொடுத்ததல்ல. 1950, 1960ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, போக்கிடம் இல்லாமல் தவித்த குடும்பங்களின் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஓய்வு பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 70 வயதுக்குள் கடன் அடைய வேண்டும் என்பதே வங்கிகளின் பொதுவான கணக்கு. 40 வயதில் கேட்டால் 30 ஆண்டுத் தவணை கிடைக்கலாம். 55இல் கேட்டால் 15 ஆண்டுதான். தவணைக்காலம் சுருங்கினால் மாதக் கட்டணம் ஏறிவிடும்.

சரி, எவ்வளவு காலம் ஆகும்? புதிய தாமானில் தரை வீடு வாங்கினால், ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து 24 மாதத்துக்குள் சாவியைத் தர வேண்டும் என்பது அரசாங்க ஒப்பந்தத்தின் விதி. அடுக்குமாடி என்றால் 36 மாதம். தாமதித்தால் நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய வீடு என்றால், ஒப்பந்தத்தில் 3 மாதமும், வட்டியோடு இன்னும் 1 மாதமும் அவகாசம் எழுதுவது வழக்கம். குத்தகை நிலமாக இருந்தாலோ, கிராண்டில் தடை எழுதியிருந்தாலோ மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் அந்த 3 மாதம் ஓடத் தொடங்கும். இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே கிராண்ட் இருந்தால், வாரிசுக் காரியம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் காலத்தைக் குறைக்க வழி உண்டா? உண்டு.

முதலாவது, முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி கிராண்டைச் சோதித்துப் பாருங்கள். குருண்காரர்களுக்கு அது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா, மலாய் ரிசர்வ் நிலமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மலாய் ரிசர்வ் நிலம் நம் பெயருக்கு மாறாது.

இரண்டாவது, சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, வங்கிக் கணக்கு, அடையாளக் கார்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். சம்பளச் சீட்டில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் வேறு பெயர் என்றால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வங்கிக் கடன் பாக்கியை ஒழுங்காகக் கட்டிவாருங்கள். பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கை கடந்த 12 மாதத் தவணைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, சேமநிதிப் பணம் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வரும். எனவே விலையில் 10 விழுக்காட்டு முன்பணத்தைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பலருக்குக் காரியம் நிற்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் அவசரம் ஆகாது. “இன்றே கட்டினால் வீடு உங்களுக்கு” என்று தரகர் நெருக்கினாலும் ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஒப்பந்தத்தின் மொழி புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் போகும்போது படித்த பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வரிக்கு வரி விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் போகும். போகட்டும், முப்பது வருஷ உழைப்பை அது காப்பாற்றும்.