சுமையே அளவுகோல்

உலகில் இதுவரை கட்டப்பட்ட வானூர்திகளுள் மிகப்பெரியது எது? பொது அறிவுப் போட்டிகளில் ஒரு மதிப்பெண் வினாவாகவே இது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில், கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் பாப்பிரெட்டிப்பட்டியில் பயிலும் மாணவர் ஒருவர் இதற்கு விடை தேடினால், ஒன்றுக்குப் பல விடைகள் கிடைக்கும். நீளத்தை அளந்தால், 245 மீட்டர் நீளமுடைய ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் வான்கப்பல். இறக்கை விரிவை அளந்தால், 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த ஸ்ட்ராட்டோலாஞ்ச். அதன் விரிவு 117 மீட்டர். பயணியரை எண்ணினால் ஏர்பஸ் ஏ380. எடையை நிறுத்தால், 640 டன் எடையுடன் மேலெழும் ஆற்றல் பெற்றிருந்த உக்ரைனின் அன்டோனோவ் ஆன்-225.

இவ்விடைகள் யாவும் சரியே. குறை வினாவில்தான் உள்ளது. எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, எதைச் சுமப்பதற்காக அவ்வளவு பெரியது என்று கேட்பதே பொருத்தமாகும்.

தமிழ் இலக்கியம் இவ்வகையில் நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் அமைப்பித்த மயிற்பொறி ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லும். பகை சூழ்ந்த நாளில் கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்பினாள். சுடுகாட்டில் இறங்கிச் சீவகனை ஈன்றாள். தாயையும் கருவையும் பிரித்து இரு பொறிகளில் அனுப்ப இயலாது. அச்சுமையை ஏற்றும் அளவுக்கே பொறி அமைந்தது. அது கற்பனையே எனினும், கணக்கில் பிழையில்லை.

பெருமிதம் ஏற்றிய கப்பல்

வரலாற்றில் இக்கணக்குப் பிழைத்த இடங்கள் பல. அவற்றுள் ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. இங்கிலாந்தையும் அதன் ஆட்சிக்குட்பட்ட தொலைதூர நாடுகளையும் வான்வழியே இணைக்க விரும்பிய பிரித்தானிய அரசு, ஆர் 101 என்னும் வான்கப்பலைக் கட்டியது. அதன் நீளம் 237 மீட்டர். அக்காலத்தில் உலகில் அதனினும் பெரிய வான்கலம் இல்லை. அன்றைய இந்தியாவின் கராச்சி நகரில் அதற்கெனவே மாபெரும் கொட்டகை ஒன்று முன்கூட்டியே எழுப்பப்பட்டது.

கப்பலின் எடை திட்டமிட்டதைவிடக் கூடிவிட்டது. தூக்கும் ஆற்றல் போதவில்லை. எனவே அதை நடுவே வெட்டி, மேலும் ஒரு பகுதியைச் சேர்த்து நீளமாக்கினர். மாற்றியமைத்த கப்பலைப் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை. இலண்டனில் நடைபெற்ற பேரரசு மாநாட்டையொட்டி இந்தியா சென்று திரும்ப வேண்டும் என்பது வான்படை அமைச்சர் தாம்சன் பிரபுவின் விருப்பம். 1930 அக்டோபர் 4ஆம் நாள் மாலை, மழையும் காற்றும் மிகுந்த வானிலையில் ஆர் 101 புறப்பட்டது. மறுநாள் விடியுமுன் பிரான்சின் போவே நகருக்கு அருகே தரையில் மோதி எரிந்தது. அதிலிருந்த 54 பேருள் அமைச்சர் உட்பட 48 பேர் மாண்டனர். கராச்சியின் கொட்டகைக்கு ஆர் 101 வந்து சேரவேயில்லை.

இதனை வானிலையால் நேர்ந்த விபத்து என்று மட்டும் கூறுவது பொருந்தாது. அக்கப்பல் சுமந்ததில் பெரும்பகுதி பேரரசின் பெருமிதம். அதற்கு எடையில்லை என்று எண்ணியதே பிழை.

பருமனின் விலை

பொறியாளர் விரும்பியவாறெல்லாம் வானூர்தியைப் பெரிதாக்கிவிட இயலாது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் இருமடங்காக்கினால், அதன் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். அதாவது, இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்னைவிட இருமடங்கு எடையைத் தாங்க வேண்டிவரும். கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எலும்புகளைக் கொண்டு இவ்வுண்மையை விளக்கியுள்ளார். யானையின் கால் எறும்பின் காலைப்போல் மெலிந்திராததற்கும் இதுவே காரணம். இவ்விலையைக் கொடுத்துப் பெரிதாக்குவதற்குத் தக்க காரணம் வேண்டும். அமெரிக்கரான ஹோவர்டு ஹியூஸ் போர்க்காலத் தேவைக்கெனத் தொடங்கிய மாபெரும் மரவானூர்தி, போர் முடிந்தபின் 1947 நவம்பர் 2 அன்று ஒரேயொரு முறை, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவு பறந்தது. அத்துடன் சரி.

இருமுறை பிறந்த மிரியா

ஆன்-225க்கு இடப்பட்ட பெயர் மிரியா. உக்ரைன் மொழியில் அதற்குக் கனவு என்பது பொருள். சோவியத் ஒன்றியத்தின் புரான் விண்ணோடத்தை முதுகில் சுமந்து செல்வதற்காக அது கட்டப்பட்டது. ஆறு பொறிகள், 32 சக்கரங்கள், 84 மீட்டர் நீளம் ஆகியன கொண்ட அவ்வூர்தி 1988 டிசம்பர் 21ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. மூன்றாண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போயிற்று. புரான் திட்டமும் நின்றது. சுமை போனபின் சுமப்பவனுக்கு வேலையில்லை. மிரியாவின் பொறிகளைக் கழற்றி வேறு வானூர்திகளுக்குப் பொருத்தினர். ஏறத்தாழ ஏழாண்டுகள் அது வெற்றுடலாய் நின்றது.

2001ஆம் ஆண்டில் அது மீண்டும் பறந்தது. இம்முறை அதன் பணி வணிகச் சரக்கு. அவ்வாண்டிலேயே நான்கு போர் டாங்கிகளுடன் ஏறத்தாழ 253 டன் சுமந்து சாதனை படைத்தது. தருமபுரி மாவட்டத்தின் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு லாரி ஒன்று 15 டன் ஏற்றுவதாகக் கொண்டால், ஏறத்தாழ 17 லாரிச் சுமை அது. எனினும் இச்சாதனையைப் பெரிதாகப் போற்ற வேண்டியதில்லை. கரும்பை 17 லாரிகளில் பிரித்து ஏற்றலாம். நான்கு டாங்கிகளையும் தனித்தனியே அனுப்பலாம். 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து ஆர்மீனியாவின் மின்நிலையத்திற்கு அது கொண்டுசென்ற மின்னாக்கியின் செய்தி வேறு. தாங்கு சட்டத்தோடு 187 டன்னுக்கும் மேற்பட்ட அந்த ஒற்றைப் பொருளைப் பிரித்து ஏற்ற வழியில்லை. மிரியாவின் பருமனுக்குரிய காரணம் இங்குதான் கிட்டுகிறது.

அத்தகைய மற்றொரு மின்னாக்கியுடன் பிராகாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் செல்லும் வழியில், 2016 மே 13 அன்று மிரியா ஐதராபாத்தில் இறங்கியது. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து போலந்துக்கு முகக்கவசங்களையும் பாதுகாப்பு உடைகளையும் ஏற்றிச் சென்றது. முகக்கவசத்தைப் பிரிக்கலாமே என்று வினவலாம். உண்மைதான், ஆனால் பெருந்தொற்று நாளில் பல பயணங்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. 2021 மே மாதம், மூச்சுக்காற்றுக்கு இந்தியா தவித்தபோது, மிரியாவின் முன்னோடியான ஆன்-124, ஒவ்வொன்றும் 18 டன் எடையுள்ள மூன்று ஆக்சிஜன் ஆக்கிகளை பெல்பாஸ்டிலிருந்து தில்லிக்குக் கொண்டுவந்தது.

2022 பிப்ரவரியில், கீவ் நகரை அடுத்த ஹோஸ்டோமெல் வானூர்தித் தளத்தில் நிகழ்ந்த போரில் மிரியா அழிந்தது. அதைப்போன்று பறந்த வேறொன்று இல்லை.

பிரிக்கத்தக்க சுமை

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் ஏ380இன் வீழ்ச்சியும் விளங்கும். பயணியர் பிரிக்கத்தக்க சுமை. ஐந்நூறு பேரை ஒரே வானூர்தியில் ஏற்றுவதைவிட, இரண்டு சிறிய வானூர்திகளில், இரண்டு வேறு நேரங்களில், அவரவர் ஊருக்கு அருகிலேயே கொண்டு சேர்ப்பது பயணியர்க்கும் வசதி, நிறுவனத்திற்கும் இழப்பில்லை. 251 வானூர்திகளோடு, 2021ஆம் ஆண்டில் ஏ380இன் உற்பத்தி முடிவுற்றது. பாப்பிரெட்டிப்பட்டி மக்களுக்கு அண்மையிலுள்ள சேலம் வானூர்தி நிலையத்தில் அது இறங்க இயலாது, அது குறையுமன்று. ஏறத்தாழ எழுபது பேரை ஏற்றும் ஏடிஆர் 72 அங்கே இறங்குகிறது. அவ்வழித்தடத்திற்கு அதுவே தக்க பருமன்.

அவ்வாறாயின் மாபெரும் வானூர்திக்கு இனி இடமில்லையா? காற்றாலையின் இறக்கை ஒரு விடையைத் தருகிறது. அதனை வெட்டி ஒட்டுவது எளிதன்று. நீளம் மிகுந்தால் தொப்பூர்க் கணவாய் போன்ற வளைவுச் சாலைகளில் ஊர்தி திரும்பவும் இயலாது. அமெரிக்காவின் ரேடியா நிறுவனம் இத்தகைய இறக்கைகளை ஏற்றுவதற்கென்றே 108 மீட்டர் நீளமுள்ள விண்ட்ரன்னர் என்னும் வானூர்தியை வடிவமைத்து வருகிறது. சுமையை முதலில் அளந்து, அதன்பின் ஊர்தியை வரைந்திருப்பதே அதன் சிறப்பு. அது இறங்குவதற்கு 1,800 மீட்டர் ஓடுதளம் போதும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. சேலம் ஓடுதளத்தின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே; அதன் அகலமும் உறுதியும் அத்தகைய ஊர்தியைத் தாங்குமா என்பது தனியே ஆராயத்தக்கது.