வில்லங்கச் சான்றிதழ் இல்லாத லைப்ரரிகள்

பொட்டி தட்டும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதைக் கேட்டிருப்பீர்கள்: "பில்ட் உடைஞ்சிருச்சு, வர லேட்டாகும்." ஏதோ பாலம் இடிந்த மாதிரி சொல்வார்கள். பல சமயம் உடைந்தது எதுவும் இருக்காது. வேறொரு ஆபீஸில் யாரோ எழுத வேண்டிய ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டிருப்பார். அந்த வரியைப் பற்றித்தான் இன்றைய புலம்பல்.

நான் பி.காம். கிளையில் வருஷக்கணக்காகக் கடன் பத்திரம் பார்த்துவிட்டு, மாற்றலில் மும்பை வந்து, வங்கியின் ஐ.டி. பிரிவில் உட்கார வைக்கப்பட்டவன். வெளியிலிருந்து வாங்கும் மென்பொருளை எங்கள் சர்வரிலேயே மறுபடி பில்ட் செய்து பார்த்துக் கையெழுத்துப் போடும் குழுவில் ஒருத்தன். "உனக்கு எதுக்குய்யா சிமேக்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கையெழுத்து என்னுடையது.

சி++ உலகத்தில் பாதிப் பேர் பில்டுக்குப் பயன்படுத்துவது சிமேக். ஒரு ப்ராஜெக்ட் லைப்ரரி செய்து வைக்கும், இன்னொரு ப்ராஜெக்ட் ஃபைண்ட்_பேக்கேஜ் என்ற கட்டளையால் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். அப்படி வெளியிலிருந்து வரும் லைப்ரரிக்கு உள்ளே ஒரு பெயர் கிடைக்கும். அதுதான் இம்போர்ட்டட் டார்கெட். லைப்ரரியோடு வரும் ஃபைலில் "நான் இங்கே இருக்கிறேன், என் ஹெடர்கள் அங்கே இருக்கின்றன, எனக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்::கிரிப்டோ வேண்டும்" என்று எழுதியிருக்கும். கவனியுங்கள், கடைசியில் இருப்பது வெறும் பெயர். அந்தப் பெயருக்கு உரிய ஆளை யார் கூட்டிக்கொண்டு வருவது? லைப்ரரி எழுதியவர்தான் தன் கான்ஃபிக் ஃபைலில் ஃபைண்ட்_டிபெண்டன்சி என்று ஒரு வரி போட வேண்டும். வழக்கமாக சிமேக் அதைத் தானாக எழுதித் தராது. அதை விட்டுவிட்டால், வாங்கியவனுடைய மெஷினில் "குறிப்பிட்ட டார்கெட்டைக் காணோம்" என்று நின்றுவிடும்.

எழுதியவர் மெஷினில் மட்டும் நிற்காது. ஏனென்றால் அவருடைய ப்ராஜெக்ட் ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஏற்கெனவே வேறெங்கோ தேடி வைத்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் "எங்க மெஷின்ல ஓடுதே" என்கிறார்கள்.

ஊரில் மனை வாங்கிய நம் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். விற்கிறவருக்கு மனை மேல் என்ன கடன் இருக்கிறது என்று தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதற்குத்தான் வில்லங்கச் சான்றிதழ். கிரயப் பத்திரத்தை மட்டும் நீட்டிவிட்டு "வில்லங்கம் எதுவும் இல்லீங்க, வாயால சொல்றேன்" என்றால் நாம் விடுவோமா? இங்கே விடுகிறோம்.

இதற்கு இவர்கள் சொல்லும் சமாதானங்கள் இருக்கிறதே! முதலாவது, "ரீட்மீயில் எழுதியிருக்கோமே, நீங்களே முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தேடிவிட்டு அப்புறம் எங்களைத் தேடுங்க." நாளைக்கு நீங்கள் இன்னொரு லைப்ரரியைச் சேர்த்தால் வாங்கிய அத்தனை பேரும் அவரவர் ஃபைலைத் திருத்த வேண்டுமா? ஒருவர் ஒரு வரி எழுதுவதற்குப் பதில் ஐம்பது பேர் ஐம்பது இடத்தில் எழுத வேண்டும். என்ன கணக்கு இது.

அடுத்தது, "அது எங்க உள்விவகாரம், பிரைவேட்னுதான் போட்டிருக்கோம்." ஸ்டாட்டிக் லைப்ரரியில் இந்த ஜம்பம் பலிக்காது. கடைசி லிங்க் நடப்பது வாங்கியவன் வீட்டில். அதனால் பிரைவேட் என்று போட்டாலும், லிங்குக்கு மட்டும் என்ற குறிப்போடு அந்தப் பெயர் எக்ஸ்போர்ட் ஃபைலில் ஏறிவிடும்.

குறுக்குவழிக்காரர்கள் தனி ரகம். டார்கெட் பெயருக்குப் பதிலாகத் தங்கள் மெஷினின் ஃபோல்டர் பாதையை முழுசாக எழுதி அனுப்புகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் குளோபல் ஆக்கிவிடுகிறார்கள். சாதாரணமாக இம்போர்ட்டட் டார்கெட், அதை உருவாக்கிய டைரக்டரிக்கும் அதன் கீழே இருப்பவற்றுக்கும்தான் தெரியும், பக்கத்து டைரக்டரிக்குத் தெரியாது. 3.24 (2022) முதல் ஃபைண்ட்_பேக்கேஜிலேயே குளோபல் என்று போட வசதி உண்டு. மொத்த அப்ளிகேஷனின் உச்சியில் ஒருமுறை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பக்கத்து டைரக்டரி தேடியதை இந்த டைரக்டரி சத்தமில்லாமல் அனுபவித்தால், அந்த டைரக்டரியைத் தூக்கும் அன்றைக்கு இது படுத்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது இரட்டைக் கோலன் (::) இல்லாத பெயர். கோலன் உள்ள பெயருக்கு டார்கெட் இல்லையென்றால், 3.0 (2014) கொண்டுவந்த விதிப்படி சிமேக் பில்ட் தொடங்கும் முன்பே நிறுத்திவிடும். வெறுமனே எஸ்எஸ்எல் என்று எழுதினால்? அது ஏதோ லைப்ரரி ஃபைல் என்று நினைத்து லிங்கரிடம் தள்ளிவிடும். சிஸ்டத்தில் எந்த வெர்ஷன் கிடக்கிறதோ அது ஒட்டிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை கூட வராது. 2014 ஏப்ரலில் வெளியே வந்த ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கிறதா? ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, 1.0.1ஜி-யில் அடைத்தார்கள். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். உங்கள் சேமிப்புக் கணக்கைத் தொடும் மென்பொருளில் எஃப் ஒட்டியிருக்கிறதா ஜி ஒட்டியிருக்கிறதா என்பது, அந்த சர்வரில் யார் எப்போது எதை இன்ஸ்டால் செய்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால், நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

இதற்கெல்லாம் விலை கொடுப்பது தப்புச் செய்தவர் இல்லை. ஒரு பொங்கல் சமயம், மென்பொருள் கொடுத்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) "உங்க சர்வர் செட்டிங்ல கோளாறு" என்று இரண்டு நாள் மெயில் மேல் மெயில் போட்டது. எங்கள் குழுவில் ஒரு நெல்லைப் பையன். ரிசர்வேஷன் கையில் இருக்க, உட்கார்ந்து சர்வரைக் குடைந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவனே கண்டுபிடித்தான், விட்டுப்போன ஃபைண்ட்_டிபெண்டன்சி. ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த டெலிவரியில் அந்த வரி வந்தது, வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வரியை எழுதிவிட்டால் எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை. இரண்டு லைப்ரரிகள் இரண்டு வெர்ஷன் கேட்டு முட்டிக்கொள்ளும். முட்டட்டுமே, கண்ணுக்குத் தெரிகிறதல்லவா!

இப்போது எங்கள் குழுவில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். வேறு எதுவும் இல்லாத மெஷின், ஐந்து வரி ப்ராஜெக்ட், அதில் உங்கள் லைப்ரரிக்கு மட்டும் ஒரே ஒரு ஃபைண்ட்_பேக்கேஜ். அது ஓடினால்தான் டெலிவரியை வாங்கிக்கொள்வோம். "ரொம்பக் கறார்" என்று முணுமுணுக்கிறார்கள். உங்கள் வீட்டில் லைப்ரரி எழுதும் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள், இந்தச் சோதனையைக் கடைசியாக எப்போது செய்தான் என்று. :-)